*.பழசு பைலை அழிக்காதீர்கள்: ஷெல் பெயர்களை எப்படி விரிக்கிறது

சிம்மக்கல் பக்கம் ஸ்டுடியோ நடத்தும் தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, சித்திரைத் திருவிழா என்று எடுத்த படங்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் மெஷினில் இருக்கின்றன. அந்த ஃபோல்டரில் *.பழசு என்ற பெயரிலேயே ஒரு பைல் இருக்கிறது, -பழசு என்று இன்னொன்றும் இருக்கிறது. வைரஸாக இருக்குமோ, அழிக்கப் போனால் மற்ற படங்களும் சேர்ந்து போய்விடுமோ என்று பயப்படுகிறார். பேக்கப் ஸ்கிரிப்ட் ஸ்பேஸ் உள்ள பெயர்களில் சறுக்குகிறது. பழைய டிடிபி காலத்துப் பைல்கள் சில, கட்டளையையே பாதியில் உடைக்கின்றன. கோரிப்பாளையம் என்று தொடங்கும் இரண்டு படங்கள் கண்ணெதிரே இருக்க, கோரி* என்று தேடினால் ஒன்று மட்டும்தான் வருகிறது.

கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன், எல்எஸ் (பட்டியல் காட்ட), சிபி (நகல் எடுக்க), எம்வி (பெயர் மாற்ற, இடம் மாற்ற), ஆர்எம் (அழிக்க) என்று. தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள், குறிகளை மட்டும் ஒன்று விடாமல் அப்படியே.

முதலில், *.பழசு பைலை அழிக்காதீர்கள். அது வைரஸ் இல்லை. அநேகமாக அது உங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய படம். எல்லாப் படங்களுக்கும் .ஜேபிஜி என்ற வாலை எடுத்துவிட்டு .பழசு என்று மாற்ற நினைத்து யாரோ இப்படி அடித்திருப்பார்கள்:

எம்வி *.ஜேபிஜி *.பழசு

விண்டோஸில் பெயர் மாற்றும் ரென் கட்டளை பழகியவர்களுக்குக் கை தானாக இப்படித்தான் போகும். அங்கே ஸ்டார் குறி அப்படியே ரென் கட்டளையிடம் போய்ச் சேரும், அதை என்ன செய்வது என்று ரென்தான் முடிவு செய்யும், அதனால் இடது பக்கத்து ஸ்டாரையும் வலது பக்கத்து ஸ்டாரையும் பொருத்திப் பார்த்து ஒவ்வொரு பைலாகப் பெயர் மாற்ற அதனால் முடிகிறது. யூனிக்ஸில், அதன் வழியில் வந்த லினக்ஸிலும், ஸ்டாரைப் பார்ப்பது ஷெல், அதாவது நீங்கள் தட்டும் கட்டளையைப் படித்து ஓட்டுகிற நிரல். கட்டளை கிளம்புவதற்கு முன்பே ஷெல் ஃபோல்டரைத் திறந்து, பொருந்துகிற பெயர்களை எல்லாம் அகர வரிசையில் எடுத்து, ஸ்டார் இருந்த இடத்தில் அந்தப் பெயர்களை வைத்து, அதற்குப் பிறகுதான் எம்வியைக் கூப்பிடுகிறது. அங்கே ஒரு ஸ்டார் இருந்தது என்பதே எம்விக்குத் தெரியாது, அதன் கையில் வருவது வெறும் பெயர்ப் பட்டியல். உங்களுடைய ஐந்து சிக்கலில் நான்கு இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன, அதனால்தான் இதிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன். இது நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. 1971-இல் வந்த முதல் பதிப்பு யூனிக்ஸிலேயே இப்படித்தான், அப்போது பெயர்களை விரிப்பதற்கென்று கிளாப் என்று தனியாக ஒரு நிரல் இருந்தது, 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல் அந்த வேலையைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. இன்றும் விரிக்கிற இந்த வேலைக்கு கிளாபிங் என்றுதான் பெயர்.

சரி, பொருந்தும் பெயர் ஒன்றுகூட இல்லை என்றால்? லினக்ஸில் வழக்கமாக இருக்கும் பாஷ் என்ற ஷெல் அந்த வார்த்தையைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். உங்கள் ஃபோல்டரில் அன்றைக்கு ஒரே ஒரு .ஜேபிஜி இருந்திருக்கிறது, .பழசு என்று முடிகிற பைல் எதுவும் இல்லை. முதல் ஸ்டார் அந்த ஒரு படமாக விரிந்தது, இரண்டாவது விரிய வழியில்லாமல் *.பழசு என்று நட்சத்திரத்தோடு அப்படியே நின்றது, எம்வி தனக்கு வந்த இரண்டு பெயரையும் பார்த்து, இதை அதுவாக மாற்றச் சொல்கிறார்கள் என்று மாற்றிவிட்டது. நட்சத்திரம் பெயரில் வரலாமா என்றால் யூனிக்ஸில் தாராளமாக வரலாம். பைல் பெயரில் வரக்கூடாதவை இரண்டே இரண்டு, / குறியும், மதிப்பு 0 உள்ள பைட்டும். மற்றபடி ஸ்பேஸ், மேற்கோள்குறி, என்டர், கேள்விக்குறி எல்லாமே பெயருக்குள் வர உரிமை உள்ளவை.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதே கட்டளையை மறுபடி ஒரு நாள், மறுபடி ஒரே ஒரு படம் இருக்கும்போது ஓட்டியிருந்தால், இந்த முறை இரண்டாவது ஸ்டாருக்குப் பொருந்த ஒரு பைல் இருக்கிறது, அதுதான் *.பழசு. புதுப் படம் அதன் மேலேயே போய் உட்காரும், பழைய படம் கேள்வி கேட்காமல் போய்விடும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இந்தக் கட்டளை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இருந்தால் உடனே எடுங்கள். இதைவிடக் கொடுமை, வலது பக்கம் எழுத மறந்து எம்வி *.ஜேபிஜி என்று மட்டும் அடித்து, ஃபோல்டரில் சரியாக இரண்டு படம் இருந்தால், முதல் படம் இரண்டாவதன் பெயரை எடுத்துக்கொள்ளும், இரண்டாவது படம் அழிந்தே போகும், திரையில் ஒரு வரி எச்சரிக்கைகூட வராது. அதனால் எம்வி அடிக்கும்போது -ஐ சேர்க்கிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், மேலே எழுதும் முன் கேட்கும்; ஸ்கிரிப்டுக்குள் என்றால் -என், அது மேலே எழுதவே எழுதாது.

அந்தப் படத்தை மீட்க, முதலில் அது என்ன என்று பாருங்கள்:

ஃபைல் './*.பழசு'

படம் என்றால் ஜேபிஇஜி இமேஜ் டேட்டா என்று சொல்லும். ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதால் ஷெல் அந்த ஸ்டாரை விரிக்காது. அப்புறம்:

எம்வி -என் './*.பழசு' ./மீட்ட-படம்.ஜேபிஜி

கேமரா எழுதிய தேதி படத்துக்குள்ளேயே இருக்கும், அதை வைத்து யார் வீட்டு விசேஷம் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆர்எம் *.பழசு என்று மேற்கோள் இல்லாமல் அடித்திருந்தால் .பழசு என்று முடிகிற எல்லாம் போயிருக்கும். நீங்கள் பயந்து நிறுத்தியது ரொம்ப நல்லது.

ஸ்டார் போட்டு எதையாவது செய்வதற்கு முன்னால் ஷெல் அதை என்னவாக விரிக்கப் போகிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பலர் எக்கோ சொல்வார்கள், ஆனால் எக்கோ எல்லாவற்றையும் ஸ்பேஸ் விட்டு ஒரே வரியில் காட்டும், எங்கே ஒரு பெயர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாது. இதைப் பழகுங்கள்:

பிரிண்ட்எஃப் '<%எஸ்>\என்' *.ஜேபிஜி

ஒவ்வொரு பெயரும் தனி வரியில், அடைப்புக்குள் வரும். பெயரின் கடைசியில் ஒளிந்திருக்கும் ஸ்பேஸ்கூட > குறிக்கு முன்னால் காட்டிக்கொடுத்துவிடும். பொருந்தாத நேரத்தில் பாஷ் இப்படி மௌனமாக விட்டுவிடுவது பிடிக்கவில்லை என்றால் ஷாப்ட் -எஸ் ஃபெயில்கிளாப் என்று போடுங்கள், பொருத்தம் இல்லை என்றால் கட்டளையையே ஓட்டாது. ஜெட்ஷெல் என்ற இன்னொரு ஷெல் சொல்லாமலே அப்படித்தான் நடந்துகொள்ளும், என் பார்வையில் அதுதான் சரியான நடத்தை.

இப்போது -பழசு. இது பெரும்பாலும் ஸ்கிரிப்டில் பெயர் இருக்க வேண்டிய மாறி (வேரியபிள்) காலியாக இருந்ததால் பிறந்திருக்கும், பெயர்-பழசு என்று வர வேண்டியது பெயர் இல்லாமல் மைனஸில் தொடங்கிவிட்டது. ஆர்எம் -பழசு என்று அடித்தால் இன்வாலிட் ஆப்ஷன் என்று சொல்லி ஒரு உடைந்த எழுத்தைக் காட்டும். பெயரை டிஸ்கில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆர்எம் அதில் முதல் பைட்டை மட்டும் எடுத்துப் பார்த்து இப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே என்று சொல்கிறது, அதுதான் அந்த உடைசல். எல்லோரும் அடுத்து செய்வது மேற்கோள் போடுவது, ஆர்எம் '-பழசு' என்று. அதுவும் வேலை செய்யாது. மேற்கோள்குறி ஷெல்லோடு பேசுவதற்கு மட்டும், ஷெல் அதைப் படித்து உரித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே இருப்பதை ஆர்எம்மிடம் கொடுக்கிறது. ஆர்எம் கையில் போவது மறுபடியும் -பழசுதான். கட்டளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல இரண்டு வழி உண்டு:

ஆர்எம் -ஐ -- -பழசு
ஆர்எம் -ஐ ./-பழசு

இரண்டு மைனஸ் தனியாக வந்தால், இதோடு ஆப்ஷன் முடிந்தது, இனி வருவதெல்லாம் பெயர் என்று பொருள். ./ என்றால் இந்த ஃபோல்டரில் உள்ள என்று பொருள், பெயரின் முதல் எழுத்து மைனஸாக இல்லாமல் போய்விடுகிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் -- என்பதைப் புரிந்துகொள்ளாத நிரல்கள் சில இருக்கின்றன, ./ எல்லா நிரலுக்கும் புரியும். இதையும் அழிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இந்த மைனஸ் விஷயம் ஒரு பைலோடு நிற்பதில்லை. ஃபோல்டரில் -ஆர்எஃப் என்று ஒரு பைல் இருந்து, நீங்கள் ஆர்எம் * என்று அடித்தால், விரிந்து வரும் பெயர்களில் அதுவும் ஒன்று, ஆர்எம் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்காமல் உள் ஃபோல்டர்களையும் சேர்த்து அழிக்கும். பெயர் வரிசையில் கடைசியில் வந்தாலும் தப்பிக்க முடியாது, லினக்ஸில் உள்ள ஜிஎன்யூ கட்டளைகள் ஆப்ஷன் எந்த இடத்தில் வந்தாலும் எடுத்துக்கொள்ளும். 2014-இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் இதையே விரித்து எழுதினார்: பல பைல்களை ஒரே பைலாகக் கட்டும் டார் கட்டளைக்கு, நடுவில் இன்னொரு நிரலை ஓட்டு என்று சொல்லும் ஆப்ஷன் உண்டு, அந்த ஆப்ஷனையே பைல் பெயராக வைத்து ஒருவர் ஒரு பொது ஃபோல்டரில் போட்டுவிட்டால், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் அங்கே டாரை * போட்டு ஓட்டும்போது அவர் வைத்த நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓடிவிடும். வாடிக்கையாளர்கள் நேரடியாகப் படம் போடுகிற ஃபோல்டர் உங்களிடம் இருந்தால் இதை மறக்காதீர்கள். வெறும் * எழுதுகிற இடத்தில் எல்லாம் ./* என்று எழுதுங்கள். இரண்டு எழுத்து கூடுதல், அவ்வளவுதான்.

பேக்கப் ஸ்கிரிப்ட். நீங்கள் அனுப்பியதில் முக்கியமான வரி இது:

ஃபார் எஃப் இன் $(எல்எஸ்); டூ சிபி $எஃப் /பேக்கப்/; டன்

எல்எஸ் தருவது வெறும் எழுத்து ஓட்டம், அதை ஷெல் ஸ்பேஸ், டேப், என்டர் வருகிற இடத்தில் எல்லாம் வெட்டும். மேலூர் காதுகுத்து.ஜேபிஜி என்ற ஒரு படம் மேலூர் என்றும் காதுகுத்து.ஜேபிஜி என்றும் இரண்டு பைல்களாகிவிடும், இரண்டுமே இல்லை என்று சிபி புலம்பும். வெட்டியதோடு ஷெல் நிற்பதும் இல்லை, வெட்டின ஒவ்வொரு துண்டையும் மறுபடி விரித்துப் பார்க்கும், அதனால் *.பழசு என்ற பெயர் அந்த ஓட்டத்தில் வந்தால் அது .பழசு என்று முடிகிற எல்லாப் பைல்களாகவும் மாறிவிடும். $எஃப் என்பதை மேற்கோள் இல்லாமல் எழுதிய இடத்திலும் இதே இரண்டு வேலையும் இன்னொரு முறை நடக்கிறது. சரியானது:

ஃபார் எஃப் இன் ./*; டூ சிபி "$எஃப்" /பேக்கப்/; டன்

ஸ்டார் விரிந்து வரும் பெயர்களை ஷெல் மறுபடி வெட்டாது, பெயருக்குள் என்ன இருந்தாலும் ஒரு பெயர் ஒரு பெயராகவே வரும். மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள், ஒற்றை இல்லை, ஒற்றை போட்டால் $ குறியும் வெறும் எழுத்தாகிவிடும். மாறி எங்கே வந்தாலும் இரட்டை மேற்கோள் போடுங்கள். போடாமல் விட ஒரு காரணம் இருந்தால் மட்டும் விடுங்கள். எல்எஸ் மனிதர் பார்ப்பதற்கு, ஸ்கிரிப்ட் படிப்பதற்கு அது ஏற்றதல்ல. 2016-இலிருந்து வரும் ஜிஎன்யூ எல்எஸ், விநோதப் பெயர்களைத் திரையில் மேற்கோளோடு காட்டுகிறது, அதைப் பார்த்துப் பலர் பெயரிலேயே மேற்கோள் இருப்பதாக நினைக்கிறார்கள். இல்லை, நீங்கள் எடுத்து ஒட்டினால் சரியாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக எல்எஸ் போட்டுக் காட்டுவது அது.

உண்மையில் பேக்கப்புக்கு இந்த லூப்பே வேண்டாம் என்பேன். ஃபோல்டரையே கொடுத்துவிடுங்கள்:

ஆர்சிங்க் -ஏ /படங்கள்/ /பேக்கப்/

உள்ளே உள்ள பெயர் எதுவும் ஷெல் வழியாகப் போகவே இல்லை, வெட்டவும் விரிக்கவும் அங்கே எதுவுமில்லை, புள்ளியில் தொடங்கும் மறைவுப் பைல்களும் சேர்ந்து வரும். ஸ்டார் அவற்றை எடுக்காது, அது பலருக்கு பேக்கப் போன பிறகுதான் தெரியும். டார் என்றாலும் * போடாமல் ஒற்றைப் புள்ளி கொடுங்கள், இந்த ஃபோல்டர் முழுவதும் என்று. கல்யாணப் பார்ட்டிக்கு பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும்போது மட்டும் ஒன்று கவனியுங்கள், பென்டிரைவில் இருக்கும் ஃபேட், எக்ஸ்ஃபேட் வகைகளில் * ? : " < > | எதுவும் பெயரில் வரக்கூடாது, அப்படிப்பட்ட பெயர்கள் அங்கே போகாமல் நின்றுவிடும், முன்பே மாற்றிவிடுங்கள்.

சில படங்களை மட்டும் பொறுக்கி எடுக்க ஃபைண்ட்:

ஃபைண்ட் . -ஐநேம் '*.ஜேபிஜி' -எக்ஸெக் சிபி -டி /பேக்கப் {} +

இங்கே மேற்கோள் கட்டாயம், ஏனென்றால் இந்த ஸ்டாரை விரிக்க வேண்டியவர் ஃபைண்ட், ஷெல் இல்லை. மேற்கோள் இல்லாமல் விட்டால், இந்த ஃபோல்டரில் ஒரே ஒரு .ஜேபிஜி இருக்கும் நாளில், உள் ஃபோல்டர்களில் எல்லாம் அந்த ஒரு பெயரை மட்டும் தேடிவிட்டு மற்றதை விட்டுவிடும், பிழை என்றுகூடச் சொல்லாது. -நேம் என்று போடாமல் -ஐநேம் போட்டிருப்பது கேமராவுக்காக: பல கேமராக்கள் வாலைப் பெரிய எழுத்தில் எழுதுகின்றன, லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, -ஐநேம் இரண்டையும் எடுக்கும். சிபி * என்று அடித்து ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங் என்று வந்தாலும் இதே கட்டளைதான் மருந்து. விரிந்த பட்டியல் முழுவதும் புது நிரலுக்குக் கொடுக்கப்படும்போது அதற்கு ஓர் அளவு இருக்கிறது, வழக்கமான லினக்ஸ் அமைப்பில் சுமார் 2 எம்பி. 30 குறியீடு கொண்ட தமிழ்ப் பெயர்கள் என்றால் ஒவ்வொன்றும் 90 பைட், சுமார் 20 ஆயிரம் பெயரில் நிரம்பிவிடும். ஃபைண்ட் கடைசியில் உள்ள + குறி, அளவுக்குள் அடங்கும்படி பகுதி பகுதியாகப் பிரித்து ஓட்டும். பெயருக்குள் என்டர் இருக்கும் பைல்களைக்கூட இது சரியாகக் கையாளும். | என்ற குழாய் வழியாக இன்னொரு கட்டளைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் -பிரிண்ட்0 என்று முடித்து எக்ஸ்ஆர்க்ஸ் -0 என்று வாங்குங்கள், யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கென்று 2024-இல் வந்த பாசிக்ஸ் தரத்திலேயே இவை இரண்டும் சேர்ந்துவிட்டன.

பழைய டிடிபி பைல்கள். இதற்குக் காரணம் பாமினி எழுத்துரு. அந்தக் காலத்தில் பேஜ்மேக்கரில் பாமினியில் அடித்த தலைப்பை அப்படியே எடுத்துப் பைல் பெயராக ஒட்டியிருப்பார்கள், பாமினி எழுத்துரு போட்டுப் பார்த்தால் தமிழ், உண்மையில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி ; என்ற குறியில் இருக்கிறது. திருமணம், கல்யாணம், பத்திரிகை என்று எதை எடுத்தாலும் ஒரு மெய்யெழுத்து வரும், ஒரு ; வரும். ஷெல்லுக்கு ; என்றால் ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது. அந்தப் பெயரை மேற்கோள் இல்லாமல் தட்டினால் பெயரின் முதல் பாதி ஆர்எம்முக்குப் போகும், இரண்டாம் பாதியை ஷெல் ஒரு கட்டளையாக ஓட்டப் பார்க்கும். அதுமட்டுமில்லை, பாமினியில் ஜ என்பது [ குறி, ஸ என்பது ] குறி. ஜேம்ஸ் என்று ஒரு மாப்பிள்ளை பெயர் வந்தால், ஜ-வுக்கும் ஸ-வுக்கும் நடுவில் உள்ள ம் என்பது [ ] அடைப்புக்குள் மாட்டிக்கொள்ளும், ஷெல்லைப் பொறுத்தவரை [ ] என்றால் உள்ளே உள்ளவற்றில் ஏதாவது ஒரு எழுத்து என்று பொருள், எனவே மேற்கோள் இல்லாத மாறி வழியாக வரும்போது அந்தப் பெயரே ஒரு தேடல் வடிவமாகிவிடுகிறது, அதுவும் தன்னையே பொருத்திக்கொள்ளாத ஒரு வடிவம். தீர்வு ஒற்றை மேற்கோள், அல்லது முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டேப் அழுத்தினால் பாஷ் தானாகத் தேவையான இடத்தில் \ போட்டுக்கொள்ளும். நேரம் கிடைக்கும்போது இவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், பாமினிப் பெயரைத் தேடி எடுப்பது யாராலும் ஆகாது.

கடைசியாக கோரிப்பாளையம். இது ஷெல் செய்த வேலை இல்லை, தமிழை யூனிகோடில் எழுதும் விதத்தில் வருவது. நம் கண்ணுக்கு மதுரை மூன்று எழுத்து. யூனிகோடில் அது ம, த, ு, ர, ை என்று 5 குறியீடு, டிஸ்கில் 15 பைட். எல்எஸ் ??? என்று தேடினால் மதுரை வராது, ????? என்று போட வேண்டும். கிரான் வழியாக ஓடும் ஸ்கிரிப்டில் பல இடங்களில் மொழி அமைப்பு வெறும் சி என்று இருக்கும், அங்கே ? என்பது ஒரு பைட், 15 கேள்விக்குறி வேண்டியிருக்கும். தமிழ்ப் பெயர்களில் ? பயன்படுத்தாதீர்கள், * போதும். இதே 3 பைட் கணக்கால் இன்னொரு தொல்லையும் உண்டு: லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற டிஸ்க் அமைப்பில் ஒரு பெயர் 255 பைட் தாண்டக்கூடாது, தமிழில் அது 85 குறியீடு, கண்ணுக்கு ஐம்பது எழுத்துச் சொச்சம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் கணக்கு வேறு, தமிழிலும் 255 குறியீடு வரை போகும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், தேதி, ரிசப்ஷன் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்த பெயர் விண்டோஸில் இருந்து வரும்போது ஃபைல் நேம் டூ லாங் என்று நிற்பது இதனால்தான்.

கோ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ோ என்ற ஒரே குறியீடு, அல்லது க-வோடு முதலில் ே, அப்புறம் ா என்று இரண்டு குறியீடு. திரையில் இரண்டும் ஒன்றுபோல. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், ஆனால் லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும், அதற்கு இவை வேறு வேறு பெயர்கள். தமிழில் இப்படி இரட்டை வடிவம் உள்ளவை நான்குதான்: ொ, ோ, ௌ, ஔ. பிரித்து எழுதிய வடிவம் எங்கிருந்து வரும் என்றால் பெரும்பாலும் பழைய மேக் மெஷின்களில் இருந்து, அங்கே இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற டிஸ்க் அமைப்பு எல்லாப் பெயரையும் பிரித்தே சேமிக்கும். 2017-இல் ஹை சியரா என்ற மேக் பதிப்போடு வந்த புது அமைப்பான ஏபிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆல்பம் டிசைன் செய்பவர் யாராவது பழைய மேக்கில் இருந்து அனுப்பியிருப்பார். சரிபார்க்க:

பிரிண்ட்எஃப் %எஸ் கோரிப்பாளையம் | டபிள்யூசி -சி

சேர்த்து எழுதியதானால் 39 வரும், பிரித்து எழுதியதானால் 42. நீங்கள் தட்டியதைச் சோதிப்பதை விட, டிஸ்கில் உள்ள பெயரை டேப் அழுத்தி வரவழைத்துச் சோதியுங்கள், வாலையும் சேர்த்து என்றால் 43 அல்லது 46. டெர்மினலில் தமிழ் எழுத்து கலைந்து தெரிந்து எதைப் பிடிப்பது என்றே புரியவில்லை என்றால் எல்எஸ் -ஐ போடுங்கள், ஒவ்வொரு பைலுக்கும் முன்னால் ஐநோட் எண் என்ற அதன் அடையாள எண் வரும், ஃபைண்டில் -ஐநம் என்று அந்த எண்ணைக் கொடுத்துப் பெயரைத் தொடாமலே பைலைப் பிடித்துவிடலாம்.

மொத்தமாகச் சரிசெய்ய கான்வ்எம்வி என்ற நிரலை நிறுவிக்கொள்ளுங்கள்:

கான்வ்எம்வி -ஆர் -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி /படங்கள்

இப்படி ஓட்டினால் எதையும் மாற்றாது, எதை என்னவாக மாற்றப் போகிறது என்று மட்டும் காட்டும். பார்த்துத் திருப்தி என்றால் --நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், எல்லா கோவும் சேர்த்து எழுதிய வடிவத்துக்கு வந்துவிடும். இது தீர்க்காத இரண்டு இருக்கின்றன. கௌரி என்பதைச் சிலர் கெ போட்டு, பக்கத்தில் ள தட்டி, கெளரி என்று எழுதியிருப்பார்கள், அது யூனிகோடுக்கு உண்மையிலேயே வேறு எழுத்து, நீங்களேதான் மாற்ற வேண்டும். இன்னொன்று ஸ்ரீ. கல்யாணப் பைல்களில் இது இல்லாத பெயர் குறைவு. ஸ, புள்ளி, ரீ என்றும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ போட்டும் எழுதலாம், இரண்டும் திரையில் ஒரே ஸ்ரீ வடிவமாகத் தெரியும், சேர்த்து எழுதிய வடிவத்துக்குக் கொண்டுவரும் அந்த என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. ஃபைண்டில் -நேம் '*ஶ்*' என்று தேடினால் இரண்டாம் வகை மட்டும் தனியாக வந்துவிடும், அவற்றை எம்வி -ஐ போட்டு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றுங்கள்.